தோலும் நஞ்சும்: வனஉயிரினச் சட்டமும் செங்கல்பட்டு இருளரும்

1976ஆம் ஆண்டை நெருக்கடி நிலைக் காலம் என்றுதான் நம் அரசியல் வரலாறுகள் எழுதுகின்றன. யார் யார் சிறைக்குப் போனார்கள், தமிழ்நாட்டில் எந்த ஆட்சி கலைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் உண்டு. அதே ஆண்டில் இன்னும் மூன்று காரியங்கள் நடந்தன. பிப்ரவரியில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோலை ஏற்றுமதி செய்வது தடை செய்யப்பட்டது. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற, சைட்டீஸ் என்று அழைக்கப்படும் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. தில்லியில் இவை தனித்தனிக் கோப்புகள். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், ஏரிக்கரைகளிலும் குத்துக்காடுகளிலும் குடிசை போட்டு வாழ்ந்த ஒரு சனத்தின் தலைமேல் மட்டும் இந்த மூன்றும் ஒன்றாக வந்து இறங்கின. அந்தச் சனம் இருளர்.

'பாம்பைக் காப்பாற்றுவது நல்ல காரியம்தானே, அதில் சாதி எங்கே வந்தது?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல காரியம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு நல்ல காரியத்தின் செலவை யார் தலையில் கட்டினார்கள், அதன் வரவு யார் கணக்கில் ஏறியது என்று கேட்பதுதான் நம்முடைய வரலாற்று எழுத்து. அந்தக் கணக்கைப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

பெயரும் இடமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் ஒரு பகுதியினர் இருக்கிறார்கள். சமவெளியில் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர் என்று பரவிக் கிடக்கிறார்கள். வில்லியர் என்றும் இவர்களுக்குப் பெயர். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் ஊர் ஊராக வந்து சேர்வதைப் பார்க்கலாம். கடலோரம் மணலிலேயே குடில் போட்டுத் தங்கிக் கன்னியம்மாளைக் கும்பிடுகிறார்கள், அங்கேயே கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். பல்லவர் சிற்பத்தைப் பார்க்க வருகிற கூட்டம் இவர்களைத் தாண்டித்தான் போகிறது. கல்லில் இருக்கிற வேடனுக்கு வரலாறு உண்டு. மணலில் படுத்திருக்கிறவனுக்கு இல்லை.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் செங்கல்பட்டு இருளரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. மூக்கையும் மண்டையையும் அளந்து மக்களைத் தரம் பிரித்த காலம் அது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கும் இருளரைப் பற்றிப் பாடத்தில் கிடைத்தது ஒன்றும் இல்லை. குறிஞ்சித் திணையில் வேட்டுவர் வருவார்கள், தேன் எடுப்பார்கள், கிழங்கு அகழ்வார்கள். அதற்குப் பரிட்சையில் எட்டு மார்க். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இன்றும் கிழங்கு அகழ்கிற மனிதர் இருக்கிறார் என்பதை எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.

நிலம் இல்லாத இருளருக்கு இருந்தது நிலத்தைப் பற்றிய அறிவு. எந்த வரப்பில் எலிவளை, அதற்கு எத்தனை வாய், எந்த வாயில் புகை மூட்டினால் எந்த வாயில் எலி வரும் என்று தெரியும். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்கு உணவு. எலியைத் தேடிப் போகிறவர் பாம்பைப் பார்க்காமல் இருக்க முடியாது. புழுதியில் பாம்பு போன தடம், உரித்துப் போட்ட சட்டை, எச்சம் ஆகியவற்றை வைத்து என்ன பாம்பு, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்வார்கள். கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு கோணி. வேறு கருவி இல்லை. இந்த அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. படிக்காதவன் அறிவை அறிவு என்று சொல்லும் வழக்கம் நம் நாட்டில் இல்லாததால் அதற்குத் 'திறமை' என்று பேர் வைத்தார்கள், சில நேரம் 'இயல்பு' என்றார்கள்.

தோல்

சென்னைக்கும் தோலுக்கும் உள்ள உறவு பழையது. குரோம்பேட்டை என்ற ஊரின் பெயரே ஒரு தோல் ஆலையிலிருந்து வந்ததுதான். பெரியமேட்டில் இன்றும் தோல் மண்டிகள் இருக்கின்றன. மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் போன கப்பலிலேயே பாம்புத்தோலும் போயிற்று. ஐரோப்பாவில் சீமாட்டிகளின் கைப்பைக்கும் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் சாரைப்பாம்பு, நல்லபாம்பு, மலைப்பாம்புத் தோல்கள் வேண்டியிருந்தன. 1950களிலும் 60களிலும் இந்த வியாபாரம் லட்சக்கணக்கான தோல்களில் நடந்தது.

அந்தச் சங்கிலியில் இருளர் எங்கே இருந்தார்கள்? கடைசிக் கண்ணியில். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்னை முதலில் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார். "நானும் சேரிதான் தாத்தா, சாமி வேணாம்" என்றேன். சிரித்தார். அப்புறம் 'தம்பி' ஆயிற்று, பேச்சு நீண்டதும் 'நைனா' ஆயிற்று. ஒரு சேரிக்காரனையும் சாமி என்று கூப்பிட வேண்டிய இடத்தில் இவர்களை வைத்திருக்கிறது இந்தச் சமூகம். இதை நாம் பேசாமல் விடக்கூடாது. அவர் சொன்னது:

"அப்பல்லாம் சாரைக்கு ஒரு வெல, நல்லதுக்கு ஒரு வெல. தோலு வாங்கறவரு சைக்கிள்ல வருவாரு. கோலு வச்சி அளப்பாரு. எங்கியாவது கிழிஞ்சிருந்தா பாதி வெலதான். மழ நாள்ல கையில காசு இல்லன்னா முன்னாடியே குடுத்துட்டுப் போவாரு, பாம்பு புடிச்சிக் கழிக்கணும். அது எங்க போவுது, இன்னா பண்றாங்கன்னு எங்களுக்கு இன்னா தெரியும் நைனா? கப்பல்ல போவுதுன்னாங்க."

ஒருநாள் சைக்கிள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. "கெவுருமெண்டு நிறுத்திடுச்சின்னு ரொம்ப நாளு கழிச்சித்தான் சொன்னாங்க" என்றார்.

தடை நியாயமானது. பாம்பு குறைந்தால் எலி பெருகும், எலி பெருகினால் விளைச்சல் போகும். பாம்புகளை அந்த வேகத்தில் கொன்றுகொண்டே போயிருந்தால் இன்று பிடிக்கவும் பாம்பு இருந்திருக்காது. ஆனால் அந்த வேகத்தை உண்டாக்கியவர் யார்? வயிற்றுக்காகப் பாம்பு பிடித்த இருளர் உலகச் சந்தையின் தேவையை உண்டாக்கவில்லை. கைப்பை போட்டவரும் கப்பல் ஏற்றியவரும் உண்டாக்கினார்கள். ஆதாயம் அவர்களுடையது. அழித்த பழி மட்டும் கோணிப்பைக்காரருக்கு.

யாருக்குச் சான்றிதழ்

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். அதைத் தலித் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சட்டம் தொடங்கிய நாளில் பட்டியலிலுள்ள விலங்கின் தோலையோ தலையையோ பாடம் செய்த உடலையோ வைத்திருந்தவர்கள் 30 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும் என்கிறது 40ஆம் பிரிவு. அப்படி அறிவித்தவருக்கு உடைமைச் சான்றிதழ் வழங்க 42ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆக, ஜமீன் மாளிகைச் சுவரில் தொங்கிய புலித்தலைக்கு அரசாங்க முத்திரை கிடைக்க வழி பிறந்தது. வியாபாரிகள் கையிருப்பை 15 நாளில் அறிவிக்க 44ஆம் பிரிவு. 1986இல் சட்டத்தைத் திருத்தி உள்நாட்டு வணிகத்தையும் தடுத்தபோது வியாபாரிகளுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். நடுவண் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கழகங்களுக்கு ஏற்றுமதிக்காக விலக்கு அளிக்கவும் அதே திருத்தத்தில் இடம் வைத்தார்கள்.

சரக்கு வைத்திருந்தவருக்கு அவகாசம், சுவரில் தொங்கவிட்டவருக்குச் சான்றிதழ். இருளரிடம் சரக்கு இல்லை. அவர் சேர்த்து வைத்திருந்தது கையிலும் கண்ணிலும் இருந்த அறிவு. அதை எந்தப் படிவத்தில் எழுதி யாரிடம் அறிவிப்பது? அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

பழங்குடிகளின் வேட்டை உரிமை என்று ஒன்று உண்டு என்பதே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 65ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பட்டியல் பழங்குடிகளுக்கு வழங்கப்பட்டிருந்த வேட்டை உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்கிறது. கடல் கடந்த தீவுக்குப் பொருந்திய நியாயம் செங்கல்பட்டுக்குப் பொருந்தவில்லை. 2006இல் வனஉரிமைச் சட்டம் வந்தபோது, பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைச் சரி செய்கிறோம் என்று முகவுரையிலேயே எழுதினார்கள். அதிலும் மரபுவழி உரிமைகளைச் சொல்லும் இடத்தில், வேட்டையாடும், பொறிவைக்கும் உரிமை நீங்கலாக என்று சேர்த்தே எழுதினார்கள். சமவெளி இருளர் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள்ளும் இல்லை. ஏரிப் புறம்போக்கிலும் அடுத்தவர் வயலோரத்திலும் இருப்பவருக்கு அந்தச் சட்டமும் எட்டாத கொம்புதான்.

உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. இருளருக்கு உடும்பு கறியும் மருந்தும். 2002இல் செய்த திருத்தத்தின்படி முதல் அட்டவணை விலங்கைக் கொன்ற குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு சிறை. எலி மட்டும் தீங்குயிரிகள் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்தபோது அந்த அட்டவணையே போய்விட்டது. அதுவரை இருளர் யாருக்கும் பயப்படாமல் பிடித்துத் தின்ன அரசு ஒதுக்கி வைத்திருந்த உயிர் எலிதான்.

இதே மாவட்டத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரியில் வந்து தங்கும் பறவைகளை ஊரார் காத்து வந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவைகளைச் சுடுகிற வெள்ளைக்காரர்கள் மேல் ஊரார் முறையிட்டு, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடமிருந்து 1798இல் ஒரு கவுல் பெற்றார்கள் என்பது பிரசித்தம். கம்பெனி அரசுகூட அவர்கள் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஏன்? அவர்களிடம் நிலம் இருந்தது, வரி கட்டினார்கள், கலெக்டர் காதில் அவர்கள் சொல் ஏறியது. இயற்கையைக் காக்கும் கிராமத்தார் என்று இன்றும் பாராட்டப்படுகிறார்கள், பாராட்டட்டும். பாம்பின் நடமாட்டம் முழுவதும் அறிந்த இருளருக்கு 1972இல் எந்தக் கவுலும் கிடைக்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

சைக்கிள் நின்ற பிறகு

தோல் வாங்குபவர் வராமல் நின்றதும் யார் வந்தார்? "மில்லுக்காரரு வந்தாரு" என்றார் அந்தப் பெரியவர். "பொண்ணு கல்யாணத்துக்குக் கொஞ்சம், சீக்குக்குக் கொஞ்சம்னு குடுத்தாரு. குடும்பத்தோட கூட்டினு போனாரு. நெல்லு அவிக்கறது, காய வைக்கறது. ராத்திரி இல்ல, பகலு இல்ல. கணக்கு மட்டும் கொறையவே இல்ல."

கொத்தடிமை முறை ஒழிந்துவிட்டது என்று சட்டம் சொன்ன அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. அரிசி ஆலை, செங்கல் சூளை, சவுக்கு வெட்டும் களம் எங்கும் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்கள் இருந்தன. 2000த்துக்குப் பிறகும் காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர்ப் பக்கங்களில் வருவாய்த் துறை அதிகாரிகள் போய் இருளர் குடும்பங்களை மீட்ட செய்திகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் தோல் தடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நிலமின்மை அதற்கு முன்பே இருந்தது. ஆனால் கையில் இருந்த ஒரே தொழிலைச் சட்டம் எடுத்துக்கொள்ளும்போது மாற்று என்ன என்று கேட்காமல் விட்டால், மாற்றைச் சூளைக்காரரும் மில்லுக்காரரும் கொண்டுவந்து தருவார்கள். ஒரு சட்டம் பிடுங்கியதை இன்னொரு சட்டம் காப்பாற்றவில்லை. பாம்பைக் காத்த சட்டத்துக்கு வனத்துறை இருந்தது, சோதனைச் சாவடி இருந்தது. கொத்தடிமையை ஒழித்த சட்டத்துக்கு அப்படி என்ன இருந்தது?

நஞ்சு

1978இல் ஒரு திருப்பம். இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அது இருக்கிறது. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேகர் இதற்கு முன்நின்றவர். அமெரிக்காவில் பிறந்து இந்தியக் குடிமகனானவர். இருளரிடம் பாடம் கேட்டதை அவர் மறைத்ததில்லை, அந்த நேர்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பத்திரிகைகள் சங்கத்தின் கதையை ஒரு வெள்ளைக்காரர் பழங்குடிகளைக் கரையேற்றிய கதையாகவே எழுதி வந்தன. பாம்பு பிடிக்க இருளருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கொன்று தோலெடுத்த கை, கொல்லாமல் நஞ்செடுக்கவும் பழகிக்கொண்டது. அதுதான் நடந்தது.

சங்கத்தின் வேலை முறை இது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கை மட்டும் உறுப்பினர்கள் பிடித்து வருகிறார்கள். பாம்புக்கு இவ்வளவு என்று சங்கம் பணம் தருகிறது. துணி கட்டிய மண்பானைகளில் ஏறத்தாழ மூன்று வாரம் பாம்புகளை வைத்திருந்து, வாரம் ஒருமுறை என்று நான்கு முறை நஞ்செடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால் நஞ்செடுக்க மாட்டார்கள். எடுத்த நஞ்சை உறையவைத்து உலர்த்தித் தூளாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு கிராம் கணக்கில் விற்கிறார்கள். கம்பெனி அந்த நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறது. இந்தியாவில் இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்த ஒரு சங்கத்திலிருந்துதான் போகிறது என்று கணக்குச் சொல்லப்படுகிறது. உறுப்பினர்கள் முந்நூறு பேருக்குச் சற்று மேல். இந்தியா முழுமைக்கும் முந்நூறு பேர்!

இந்த மருந்து யாருக்கு? 2011இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 46,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்றது. அவர்களில் 97 விழுக்காட்டினர் கிராமத்தவர். ஆஸ்பத்திரியில் செத்தவர்கள் 23 விழுக்காடுதான். மற்றவர்கள் வீட்டிலோ வழியிலோ செத்தார்கள். 2020இல் வந்த ஆய்வு 2000 முதல் 2019 வரை 12 லட்சம் சாவுகள், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 என்றது. இவர்கள் யார் என்று சாதிவாரியாக யாரும் எண்ணிச் சொல்லவில்லை. எண்ணத்தான் வேண்டுமா? நாற்றங்காலில் வெறுங்காலோடு நிற்பது யார்? இருட்டில் மடை திறக்கப் போவது யார்? கதவில்லாத வீட்டில் தரையில் படுப்பது யார்? கழிப்பறை இல்லாமல் ஓடையோரம் போவது யார்?

என் பெரியம்மா கதிர் அறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்தது. முதலில் போன ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று வேறு ஊருக்கு அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் பத்துக் குப்பிக்கு மேல் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் காப்பாற்றினார் என்று ஊரில் பேச்சு. டாக்டர் காப்பாற்றினார்தான். அந்தக் குப்பிக்குள் இருந்த தூள் எந்த வரப்பிலிருந்து யார் கையால் புறப்பட்டது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தெருவுக்கும் இருளர் குடிசைகளுக்கும் நடுவில் ஓர் ஏரிக்கரைதான் தூரம். சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் உள்ள உறவு கூலியால் மட்டும் ஆனதல்ல, உயிரால் ஆனது. இதை நாம் தெரிந்துகொண்டு அரசியலாக்க வேண்டும்.

உரிமம் என்னும் கயிறு

சங்கம் வந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வேட்டை என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளில் உயிரோடு பிடிப்பதும் அடங்கும். ஆகவே விட்டுவிடுவதற்காகப் பிடித்தாலும் வனத்துறை உரிமம் வேண்டும். எந்த வகை, எத்தனை பாம்பு என்று உரிமத்தில் எழுதியிருக்கும். அதை ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும். வரும்வரை பானைகள் காலியாக இருக்கும், வீட்டில் உலை காலியாக இருக்கும். 12ஆம் பிரிவில், உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு சேகரித்தல் என்ற வாசகம் ஏறியதே 1991 திருத்தத்தில்தான். சங்கம் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அப்போதும் அந்த வாசகத்தில் மருந்து இருக்கிறது, நஞ்சு இருக்கிறது, இருளர் இல்லை. நாளை வேறொருவர் உரிமம் கேட்டு வந்தால் கொடுக்கவும் அதில் இடம் உண்டு. உரிமம் தருபவர் மேலே, பெறுபவர் கீழே. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். வளர்ப்புப் பிராணி வியாபாரத்தில் இறக்குமதியான பர்மா மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக் காட்டில் பெருகி மற்ற உயிர்களை விழுங்கிக்கொண்டிருந்தன. நாயும் கருவியும் வைத்துத் தேடியவர்கள் திணறிய இடத்தில், இவர்கள் முதல் இரண்டு வாரத்தில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான், தகுதியானவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கியவரும் ஊருக்குத் திரும்பி ஒரு நல்லபாம்பைத் தொட வேண்டுமென்றால் அந்த ஆண்டு உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறிவுக்கு விருது உண்டு, உரிமை இல்லை.

மறைமலைநகரை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தமிழ் வளர்த்த அடிகளின் பெயரில் 1980 வாக்கில் சென்னையின் துணைநகரமாக எழுந்த ஊர். அதைச் சுற்றி ஏரி, புற்று, கரம்பு, குத்துக்காடு எல்லாம் இருந்தன. மனைப்பிரிவு வந்தது, தொழிற்பேட்டை வந்தது. 1990களின் இறுதியில் ஃபோர்டு கார் ஆலை வந்தது, 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டும் போனது. புற்றை இருளர் கடப்பாரையால் தோண்டினால் அது வேட்டை. பொக்லைன் வைத்துப் புற்றோடு பாம்போடு முட்டையோடு வாரிக் கொட்டினால் அது வளர்ச்சி. பொக்லைன்காரர்மேல் வனஉயிரின வழக்கு என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. பாம்பு குறைகிறது என்று கவலைப்படுகிற சூழலியல் நண்பர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வேறு வழியே இல்லை என்பதும் பொய். தண்டரையில் 1986இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை வளர்த்து, மருந்து செய்து, தங்கள் அறிவைத் தாங்களே தொழிலாக்கிக் காட்டியது. வாய்ப்பும் நிலமும் கிடைத்தால் இவர்களுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை.

2017இல் உலக நலவாழ்வு நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களில் சேர்த்தது. 2030க்குள் சாவுகளைப் பாதியாக்க வேண்டும் என்று நடுவண் அரசு 2024இல் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது. இனியாவது கணக்கு ஏறும். ஒரு வட்டாரத்துப் பாம்பின் நஞ்சும் இன்னொரு வட்டாரத்து அதே பாம்பின் நஞ்சும் ஒன்றல்ல, இங்கே எடுத்த நஞ்சில் செய்த மருந்து வடக்கிலும் மேற்கிலும் சில இடங்களில் சரியாக வேலை செய்வதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் பல வட்டாரங்களில் நஞ்சு எடுக்க வேண்டிவரும். அதற்குக் கற்றுக்கொடுக்கத் தகுதியான ஆசிரியர்கள் யார்? அந்த வேலை வரும்போது இருளர் கூலியாக அழைக்கப்படுவார்களா, ஆசிரியராக அழைக்கப்படுவார்களா?

நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். நஞ்சு சேகரிக்கும் உரிமை இருளர் சமூகத்தின் உரிமையாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும், ஆண்டுக்கொரு முறை கையேந்தும் சலுகையாக இருக்கக் கூடாது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று முடிவு செய்யும் மேசையில் பாம்பின் இருப்பை அறிந்த இருளரும் உட்கார வேண்டும். நஞ்சின் விலையில் அவர்கள் சொல் இருக்க வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற ஒவ்வொரு காலுக்கும் பூட்ஸ், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்தும் அதை ஏற்றத் தெரிந்த டாக்டரும் வேண்டும். பாம்பைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் ஒரே கையால் முடியும் என்று இந்தக் கடற்கரையில் இருளர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து காட்டிவிட்டார்கள். அந்தக் கைக்கு இன்னும் பட்டா இல்லை.